அறிவிப்புப் பலகையில் என் தமிழ்

நான் நகர மன்றத்துக்குள் போனது ஒரு மின்தூக்கியால். எங்கள் பழைய அடுக்குமாடிப் புளோக்கில் அது எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தாம் மாடியில் என் எதிர்வீட்டு ஆன்ட்டி, பக்கவாதம் வந்த கணவரைச் சக்கர நாற்காலியோடு ஒரு மாடி இறக்க ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருந்தது. நான் கப்பல் சரக்கு அலுவலகத்தில் கடிதம் எழுதியே பிழைக்கிறவள். அவருக்காக ஒரு மனு எழுதினேன். பதில் வரவில்லை, இன்னொன்று எழுதினேன். இரண்டு வருடத்தில் மின்தூக்கி எங்கள் மாடியில் நின்றது. அடுத்து எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் என்னை மன்றத்தில் நியமித்தார். "உங்களை மாதிரி விடாம எழுதுற ஆளுதான் வேணும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் புளோக் தேக்கா சந்தையிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிறு மதியத்துக்கு மேல், தூண்கள் மட்டும் நிற்கிற திறந்த கீழ்த்தளம் முழுக்க வெளிநாட்டு ஊழியர்கள். விடுதியிலிருந்து பேருந்தில் வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, ஊருக்குப் பேசி, தூணில் சாய்ந்து கண்ணயர்வார்கள். அவர்களில் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது, முதலாளி அதை மறைக்கப் பார்த்தார். புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நியாயம் கிடைத்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. கீழே இறங்கினாலே யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "அக்கா, இவனுக்கும் ஒரு லெட்டர்." சிமெண்டு மேசையில் உட்கார்ந்தே எழுதுவேன்.

பிறகு அந்தப் புகார் மனு வந்தது. கீழ்த்தளத்தில் ஊழியர்கள் கூடுவதை நிறுத்த வேண்டும் என்று குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து எதிர்வீட்டு ஆன்ட்டியுடையது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ அவங்க பக்கம்தான் பேசுவே. வீல்சேர் போக வழி வேணும் லா. ஒவ்வொரு சண்டேயும் இத்தனை பேரையும் எழுப்பி, எக்ஸ்கியூஸ் மீ சொல்லிட்டே போகணுமா? ஒரு நாள் நீ தள்ளிப் பாரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை இறுக்கியது.

மன்றக் கூட்டத்தில் இரும்புத் தடுப்பு போடுவது என்று பேச்சு வந்தது. எதிர்த் திடலில் முதலில் பெஞ்சும் கூரையும் கழிப்பறையும் போடுவோம், தடுப்பு பிறகு என்றேன். "நல்ல யோசனை, பரிசீலிக்கலாம்" என்று குறித்துக்கொண்டார்கள். தடுப்புக்கு வாக்கெடுத்தபோது நானும் கையைத் தூக்கினேன். பெஞ்சு கிடைக்க வேண்டுமென்றால் நான் இந்த அறையில் இருந்தாக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையின் வாசகம் என்னிடம் வந்தது. யாரோ ஆங்கிலத்திலிருந்து பெயர்த்திருந்தார்கள். 'இங்கே கூடாதே' என்றிருந்தது. நாயை விரட்டுவது போல. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். 'குடியிருப்பாளர்களின் வசதி கருதி, இவ்விடத்தில் கூடுவதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' எனக்கிருந்த அதிகாரம் அவ்வளவுதான் எட்டியது. தொகுதி உறுப்பினர் பாராட்டினார்.

"முதல் சண்டே நீங்களே நேர்ல சொல்லிடுங்க. உங்களை அவங்க நம்புறாங்க. பிரச்சினை வராது."

பிரச்சினை வரவில்லை. மன்றத்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். தம்பி பலகையை வாய்விட்டுப் படித்தார்.

"மரியாதையா எழுதியிருக்காங்கக்கா. யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிதான்" என்று திரும்பி, "டேய், எந்திரிங்கடா. அக்காவுக்குக் கெட்ட பேரு வந்துடப் போவுது" என்றார்.

விரித்திருந்த செய்தித்தாளை மடித்து, சிந்தியிருந்த சோற்றையும் வழித்து எடுத்துக்கொண்டு போனார்கள். யாராவது கோபப்பட்டால் என்ன சொல்வது என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். ஒருவரும் கோபப்படவில்லை. நாலு மணிக்கு மழை கொட்டியது. அவர்கள் திடலில் மரத்தடியில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். காலிக் கீழ்த்தளத்தில், கூரைக்கடியில், நான் நின்றேன். சாரல் அடிக்கிறது, உள்ளே போங்கள் என்று தம்பி எனக்குக் கைகாட்டினார்.

மறுநாளே விலகல் கடிதம் கொடுத்தேன். உறுப்பினர் அதைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். "போறது ஈஸி. நீங்க போயிட்டா பெஞ்சைப் பத்தி அங்க யாரு பேசுவா?" ஒருவரும் பேச மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே வானொலியிலிருந்து ஒரு பெண் அழைத்துக் கருத்துக் கேட்டார். எல்லாத் தரப்பினரின் நலனையும் கருத்தில் கொண்டே முடிவெடுக்கப்பட்டது என்று நல்ல தமிழில் சொன்னேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கடிதம் கேட்டு வரவில்லை. கோபத்தால் அல்ல. தடுப்பும் போட்டாகிவிட்டது, உட்கார்ந்து எழுத இடமில்லை.

ஒன்றரை வருடம் எல்லாக் கூட்டத்திலும் கேட்டுக் கேட்டு, திடலில் நான்கு பெஞ்சுகளுக்கு ஒப்புதல் வாங்கினேன். கூரைக்கும் கழிப்பறைக்கும் கிடைக்கவில்லை. பெஞ்சு வந்து சேருவதற்குள் தம்பி விமான நிலையத்திலிருந்து அழைத்தார். வேலை பர்மிட்டை நீட்டிக்கவில்லை, ஊருக்குப் போகிறாராம். பெஞ்சு வரப்போகிறது என்றேன்.

"நல்ல காரியம்க்கா. பசங்களுக்கு ஆகும்" என்றார். என்னைத் தேற்றத்தான் சொல்கிறாரோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

போன மாதம் அடுத்த தவணைக்கான நியமனக் கடிதம் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னும் ஏன்மா?" என்றாள் மகள்.

"கழிப்பறை வாங்கணும்."

"அதுக்கு மட்டும்தானா?"

மன்றத்தில் சேர்ந்த பிறகு சந்தையில் எனக்கு எழுந்து வணக்கம் சொல்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கடிதத்தை மடித்து உறையில் போட்டு, பசையைத் தடவி ஒட்டினேன்.