வறுக்காத மிளகாய்

முதல் கடி வெறும் ரொட்டிக்கு. சுருட்டிய புரீட்டோ ரொட்டியின் ஒரு முனையைக் கடித்துத் திறந்துவிட்டு, உள்ளே தெரியும் இறைச்சியின் மேல் ஒரு கரண்டி சல்சாச் சட்னி விடுவாள் ஒதிலியா. அடுத்த கடி. மறுபடி ஒரு கரண்டி. மேலே மொத்தமாக ஊற்றிக்கொள்பவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பொணத்தக் குளிப்பாட்டுற மாதிரி ஊத்துறாங்க பாரு."

அன்று இரண்டாவது கரண்டியோடு நிறுத்திவிட்டாள்.

கார் இருக்கைகளுக்கு உறை தைத்து மாட்டுவது அவள் தொழில். மெக்சிகோவின் எல்லை நகரமான ஹுவாரெஸில் ஒரே தெருவில் பத்தொன்பது வருஷமாகக் கடை. இரண்டு கைகளும் துணியை இழுத்துப் பிடித்திருக்கும்போது சின்ன ஆணிகளை வாயில்தான் வைத்துக்கொள்ள முடியும். காலையெல்லாம் இரும்பு ருசி ஏறிய நாக்கை நடுப்பகலில் எதிர்ச்சாரியில் எவரிஸ்தோவின் தாக்கெரியா சாப்பாட்டுக் கடையில் கழுவிக்கொள்வாள். புரீட்டோ இரண்டு: ஒன்றில் மிளகாய்க் குழம்பில் வெந்த மாட்டிறைச்சி, மற்றதில் பீன்ஸும் பாலாடைக்கட்டியும். மேசையில் சல்சா மூன்று கிண்ணம். பச்சையையும் தக்காளிச் சிவப்பையும் அவள் சீந்துவதில்லை. கருஞ்சிவப்புதான்.

அது தயாராவது தெருவுக்கே தெரியும். பதினோரு மணிக்கு எவரிஸ்தோ காய்ந்த மிளகாயைக் கல்லில் போட்டு ஓரம் கருகும்வரை வறுப்பான். கடைக்குள் இருப்பவர்கள் இருமுவார்கள். வாசலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இருமுவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. இருமிக்கொண்டே உள்ளே வந்து உட்காருவார்கள்.

"மூணு நாளா இந்தத் தெருவுல யாரும் இருமல," என்றாள் ஒதிலியா.

எவரிஸ்தோ ரொட்டியைத் திருப்பிப் போட்டான். அவன் மூத்த மகளுக்கு ஒதிலியா ஞானத்தாய். அந்த உறவுக்காக அவளை அவன் கொமாத்ரே என்பான். அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள். எவ்வளவு கோபத்திலும் 'நீங்க'தான்.

"வேக வெச்சு அரைச்சேன், கொமாத்ரே. மிளகாய் அதேதான்."

"யாருக்கு? காய்ச்சல்ல கெடக்கிறவனுக்கா?"

"பக்கத்துல பல் டாக்டர் வந்திருக்காருல்ல, அவர் கேட்டுக்கிட்டாரு. வாயத் தொறந்து படுத்திருக்கிறவன் உள்ள மெஷின் ஓடுறப்ப இருமினா என்ன ஆவும்? நீங்களே சொல்லுங்க."

"கால் மணி நேரம் மெஷின நிறுத்தட்டும். சவம் போனா நாம வண்டிய நிறுத்தல?"

"அவர்கிட்ட வர்றது எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவுலருந்து வர்ற ஆளுங்க. பல்ல முடிச்சிட்டு நேரா இங்கதான் சாப்பிட வர்றாங்க."

"மரத்துப்போன வாயோட." ஒதிலியா கரண்டியைக் கீழே வைத்தாள். "மரத்த வாய்க்காகவா மிளகாய வேக வெச்சீங்க, கொம்பாத்ரே? அவங்களுக்குச் செங்கல்ல அரைச்சு வெச்சாலும் தெரியாதே."

பக்கத்து மேசையில் இரண்டு பஸ் டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"சிரிங்க. மூணு நாளா நீங்களும் இதத்தான தின்னீங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு, அதான் ருசி தெரியலன்னு நெனச்சேன், தோன்யா ஒதிலியா," என்றான் மூத்தவன்.

முந்தின இரண்டு நாளும் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அறுபத்தொன்று ஆகிறது, நாக்கு போய்விட்டது என்று. இரும்பு ருசிதான் காரணமோ என்று நேற்றுக் காலை ஆணிகளை வாயில் வைக்காமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வேலை செய்துகூடப் பார்த்தாள். பாதி வேலைதான் நடந்தது. ஒரு டாக்டரிடம் ஒப்புக்கொண்டதை எவரிஸ்தோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் தன்னையே சந்தேகப்படும்படி விட்டுவிட்டான். அதுதான் ஆறவில்லை.

"மேசைக்கு வர்றது எதுவோ, அத மொதல்ல சொல்லிட்டு வைங்க," என்று பாதிப் புரீட்டோவைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளும் பதினோரு மணிக்குப் புகை வரவில்லை. பன்னிரண்டரைக்கு ஒதிலியா கடையைப் பூட்டிக்கொண்டு வந்து, வழக்கமான இரண்டைச் சொன்னாள். எவரிஸ்தோ தட்டோடு, கல்லாவுக்கு அடியிலிருந்து மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்தான். "வீட்டுல வறுத்தது. உங்களுக்கு மட்டும், கொமாத்ரே," என்றான் மெதுவாக. அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அதேதான். எழுந்து போய் அதைப் பஸ் டிரைவர்களின் மேசை நடுவில் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு புரீட்டோவையும் கடைசிவரை சல்சா இல்லாமல் வெறுமனே தின்றாள்.