மச்சான் கழற்றிய ஸ்பிரிங்

அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. என் மேல் எனக்கு வருகிற கோபம் வேறு.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டாம்பட்டியில் அக்கா வீட்டு வாசலில் மச்சானின் பழைய கார் நின்றது. அவர் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்த கார். முன்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்துவிட்டது, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். புதுசை வாங்கிக்கொண்டு போனவன் நான். அதைக் கொடுத்த காளவாசல் மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"கார்ல இருக்குற பழசு அமுங்கிக் கெடக்குற ஸ்பிரிங்குண்ணே. அது உக்காந்திருக்குற இரும்புக் கை இருக்குல்ல, லோயர் ஆர்மு, அதுக்கு அடியில ஜாக்கியக் குடுத்துட்டு அப்பறமா நட்டக் கழட்டுங்க. ஜாக்கிய மெதுவா எறக்குனா அதுவா தளந்துரும். இல்லேன்னா ஆளக் கொன்னுரும்."

மச்சானோ காரின் சட்டத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மை அந்தரத்தில் விட்டுவிட்டார். ஸ்பிரிங்கை மாட்டுக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

"அடியில ஜாக்கி வைக்கணும்னாங்க மச்சான்," என்றேன், பாதிக் குரலில்.

"காளையவே புடிச்சு நிறுத்துற கயிறு மாப்ள. இது எம்புட்டு?"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். அக்கா புருஷனிடம் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் வந்தால் அப்பாவே எழுந்து நிற்பார். எனக்கென்ன தெரியும் என்கிற முகத்தோடு ஸ்பானரை எடுத்து நீட்டினேன். தெரியும், நன்றாகவே தெரியும். அதுதான் கொடுமை.

நட்டு கழன்றது. மச்சான் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கயிறு அறுந்து, ஸ்பிரிங் அவர் காதோரமாகப் பறந்துபோய், வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டியை உடைத்துக்கொண்டு விழுந்தது. தண்ணீர் கொட்டி எங்கள் காலடிக்கு வந்தது.

மச்சான் சுத்தியலைப் பிடித்தபடியே குந்தியிருந்தார். கன்னத்தில் கயிறு இழுத்த சிவப்புக் கோடு. "ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கா ஓடி வந்து அவர் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பயத்தில் நான் எல்லாவற்றையும் உளறிவிட்டேன், மெக்கானிக் சொன்னதை, நான் பேசாமல் நின்றதை.

"தெரிஞ்சுக்கிட்டே நின்னியாடா?"

"மச்சான் சொல்லும்போது எப்படிக்கா குறுக்க பேசுறது..."

அவள் கத்தவில்லை. உடைந்த தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என் தாலி போயிருந்தா, அந்த மரியாதையக் கொண்டுபோய் எங்கடா வச்சிருப்ப?"