நின்றபடி தின்ற சோறு

ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாள் கேட்டு இரண்டு முறை கப்பலேறி போர்ட் பிளேர் போனேன். இரண்டு முறையும் டாக்டர் எடை மிஷினில் ஏறச் சொன்னார், குறைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிஷினைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். குனிந்தால் வயிற்றில் உயிர் போகிற வலி. நான் சாப்பிடுவதோ காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி.

ஹேவ்லாக்கில் எங்கள் கிராமத்து சப் சென்டர் நர்ஸிடமும் இதையேதான் சத்தியம் செய்து சொன்னேன். "ஆன்ட்டி, ஜூட் மத் போலோ" என்று சிரித்தாள். நான் பொய் சொல்கிறேனாம்! கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எனக்காக நாலு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர், வழக்கம்போல் படுக்கப் போகாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் என் அன்றாட வேலையில் இருந்தேன். மகன்கள் இரண்டு பேரும் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்திருந்தார்கள். பானையில் அடிச்சோறு, சட்டியில் மீன் குழம்பு, கொஞ்சம் தக்காளிக் கூட்டு. மெயின்லாந்திலிருந்து வந்த தக்காளி. கப்பல் வராத வாரத்தில் கண்ணால் பார்க்க முடியாத சாமானைக் கொட்ட மனசு வருமா? ஃபிரிட்ஜில் வைக்கலாமென்றால் கரண்டை நம்ப முடியாது.

"ஏளா, தெனமும் இதையா தின்னுத?"

"எங்க தின்னேன்? மிச்சத்தக் காலி பண்ணுதேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. உட்கார்ந்து தின்றால்தான் சாப்பாடு, நின்றபடி தின்றது சேர்த்தி இல்லை என்று இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். நர்ஸிடம் நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாக.

திட்டுவார் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் என்னைப் பிடித்து உட்காரவைத்து முதல் தட்டை என் முன்னால் வைத்தார். "நீ தின்னு. இனி நாந்தான் கடைசி." அன்றைக்கு மிச்சம் இருந்ததையெல்லாம் அவரே தின்றுவிட்டு, மூச்சுவிட முடியாமல் கட்டிலில் மல்லாந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த நாளே அரிசி அளக்கும்போது பக்கத்தில் வந்து நின்று ஒரு டம்ளரைக் குறைக்கச் சொன்னார். மகன்கள் "இன்னும் போடும்மா" என்றால், "மொதல்ல தட்டுல கெடக்கத முடிங்கலே" என்று அதட்டினார். விடிய விடிய மீன்பிடிக்கக் கடலில் கிடக்கிறவர், தண்ணீர் குடிக்கக்கூட சமையலறைக்குள் வராதவர். எவ்வளவு சமைத்தால் மிஞ்சாது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே வாரம்தான் ஆயிற்று. முப்பது வருஷமாக எனக்குத் தெரியவில்லையே! அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

சில மாதம் கழித்து மூன்றாவது முறை மிஷினில் ஏறினேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுத்தார்கள். பாதியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஐயோ வீணாகிறதே என்று கை மறுபடியும் ஸ்பூனுக்குப் போனது.

"போதும்னா போதும்னு சொல்லேன் ளா" என்றார் துணைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர்.

"போதுங்க" என்றேன். யார் யாருக்கோ பரிமாறும்போது கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. எனக்காக அன்றைக்குத்தான் சொன்னேன்.

கிண்ணத்தை வாங்கி, கட்டில் பக்கத்தில் நின்றபடியே மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நின்னுக்கிட்டு குடிச்சா சேர்த்தி இல்லல்லா?"