வாசித்ததாகக் கொள்ளப்படும்

மேலவையில் அவளுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் அந்த மண்டபத்துக்குள் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக்கூடாது. தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு நீள மேஜை இருக்கும். அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதை ஐந்து நிமிடம் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். அடுத்த ஆள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சத்தமில்லாமல் எழுந்து, மாடியறைக்குப் போய் எடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும். முக்கால் மணி கழித்து மறுபடி ஐந்து நிமிடம்.

சொல்லிக்கொள்ள வேலை அவ்வளவுதான். உண்மையில் அவள் செய்தது உளறலைப் பேச்சாக்கும் வேலை. ஒருவர் வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் மாமன் மச்சான் கதையெல்லாம் சொல்வார், தொடங்கியதை அந்தரத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். மறுநாள் அச்சான குறிப்பைப் பார்த்தால் பெரிய மேதை பேசிய மாதிரி இருக்கும். அந்த மேதை இவள்தான். ஒருத்தராவது நன்றி சொன்னதுண்டா என்றால், ஒருவர் சொன்னார். அவரும் வேறொருத்தி என்று நினைத்துச் சொன்னார்.

மாடியறையில் உறுப்பினர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் உண்டு. நடுவரிசைக்காரர் ஒருவருக்குக் 'கமா' என்று பெயர். அவர் பேச்சில் முற்றுப்புள்ளி என்பதே வராது. மூச்சு வாங்காமல் பன்னிரண்டு நிமிடம் ஒரே வாக்கியமாக ஓடுவார். அவருக்கு முற்றுப்புள்ளி வைத்து வைத்தே இவளுக்குக் கை தேய்ந்தது.

அந்தக் கமாவைத்தான் அன்று அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். தூசு நெஞ்சில் உறைந்துவிட்டது. வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போக இரண்டு இடத்தில் நிற்பார். அந்த நோய்க்கென்றே நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆலைத் தொழிலாளிகளுக்கு அங்கே ஆயுள் முழுக்கச் சிகிச்சை தருவதற்கு மசோதா வந்தது. மூன்றாம் பிரிவில் 'பணியில் உள்ள தொழிலாளர்' என்று போட்டிருந்தார்கள். வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வெளியே வந்தவனுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. எழுதியவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான், அவன் நெஞ்சில் என்ன தூசு?

வீட்டுக்காரரும் இன்னும் நாலு பழைய ஆட்களும் எப்படியோ நின்று நின்று பஸ் பிடித்துப் போய்க் கமாவைப் பார்த்தார்கள். அவர் தோளில் கைபோட்டு, "உங்க மூச்சுக்கு நான் பொறுப்பு" என்றாராம். சொன்னபடி திருத்தமும் கொடுத்துவிட்டார். 'அல்லது பணியில் இருந்த' என்று மூன்றே வார்த்தை. அதை யாரும் எதிர்க்கப் போவதில்லை, ஏற்றுக்கொள்ளலாம் என்று அமைச்சரே அலுவலர்களிடம் சொல்லியிருந்தார். கமா எழுந்து 'முன்மொழிகிறேன்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கமாவைப் பார்க்க இவள் கூடப் போகவில்லை. அவை ஊழியர்கள் உறுப்பினரிடம் எதையும் கேட்கக்கூடாது. அதனால் அந்த ஐந்து பேரில் ஒருவர் இவளுடைய புருஷன் என்பது கமாவுக்குத் தெரியாது.

மசோதா விவாதத்துக்கு வரும் அன்று காலை தன்னுடன் வேலை பார்ப்பவனிடம் முறையை மாற்றிக் கேட்டாள்.

"அந்த மசோதா வர்ற நேரத்த நான் எடுத்துக்கிறேன். நீ எனக்கப்புறம் வா."

"எதுக்குக்கா? தூக்கம் வர்ற நேரமாச்சே."

"என் கையால எழுதணும்பா."

அவன் முறைப் பட்டியலில் பெயரை மாற்றி எழுதினான்.

அவை பதினொன்றுக்குக் கூடியது. இறந்துபோன முன்னாள் உறுப்பினருக்காக எழுந்து நின்றார்கள். கேள்வி நேரம் ஆனது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து அறிக்கைகளை மேஜையில் வைத்தார்கள், கீழவையிலிருந்து வந்த செய்தியைச் செயலர் படித்தார். எல்லாம் கல்யாணப் பந்தியில் இலை போடுகிற வேகத்தில் நடந்தது. பன்னிரண்டரைக்கு மசோதாவை எடுத்தபோது மண்டபத்தில் முப்பது பேர் இருந்தால் அதிகம். அவள் போய் மேஜையில் உட்கார்ந்தாள். பென்சிலைக் கூர்பார்த்துக்கொண்டாள்.

முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு இரண்டும் போய்விட்டன. தலைவர் மூன்றாம் பிரிவுக்கு வந்து கமாவின் பெயரைக் கூப்பிட்டார்.

கமா அவையில்தான் இருந்தார். ஆனால் தன் இருக்கையில் இல்லை. முன்வரிசையில் வேறொரு அமைச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கோ மாறுதல் உத்தரவு கேட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் அங்கேயே எழுந்தார்.

"உறுப்பினர் தன்னோட இருக்கைக்குப் போய்ப் பேசணும்," என்றார் தலைவர்.

அது விதி. அவரவர் இருக்கையிலிருந்து சொன்னால்தான் பேச்சு. மற்ற இடத்திலிருந்து கத்தினாலும் காற்றோடு போச்சு. கமா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டார், திரும்பினார். கால் நீட்டித் தூங்கிய ஒருவரைத் தாண்டினார். வழியில் யாரோ ஏதோ கேட்க, நின்று பதில் வேறு சொன்னார்.

'போய்யா, சீக்கிரம் போய்யா' என்று அவளுக்கு அடித்தொண்டை வரை வந்தது. பென்சில் காகிதத்தின் மேல் நின்றது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம். "உறுப்பினர் திருத்தத்தை முன்மொழிகிறாரா?" என்றார். ஒரு விநாடி பார்த்தார். "முன்மொழியப்படவில்லை. மூன்றாம் பிரிவு மசோதாவின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது வினா. ஏற்போர், ஆம் என்க."

"ஆம்" என்றார்கள். நடைபாதையில் அவள் மேஜைக்கு நாலடி தள்ளி வந்துகொண்டிருந்த கமாவும் "ஆம்" என்றார். பழக்கதோஷம். அந்த வினாவைக் கேட்டால் அவர் வாய் தானாகத் திறந்துவிடும். தன் திருத்தத்தைத் தானே காலால் மிதித்துக்கொண்டு போகிறோம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. தன் இருக்கையை அடைந்து, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து பார்த்தபோது தலைவர் ஒன்பதாம் பிரிவில் இருந்தார்.

அவள் எழுதினாள். எழுதாமல் என்ன செய்வது?

மாடியறையில் அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கமா வந்தார். கையில் நாலு பக்கப் பேச்சு. அதன் தலையில் தலைவரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு: 'வாசித்ததாகக் கொள்ளப்படும்.' அப்படி ஒரு வழக்கம் உண்டு. நேரமில்லாமல் பேசமுடியாதவர் எழுதிக் கொடுத்தால், பேசியதாகவே குறிப்பில் சேர்ப்பார்கள்.

"இத அந்த மூணாம் பிரிவுக்கு முன்னாடி சேத்துடும்மா. பாவம், அந்த ஆலை ஆளுங்க நம்பிக்கிட்டிருக்காங்க, புத்தகமா அடிச்சு அனுப்பணும்."

"ஐயா, நீங்க வர்ற வழியில 'ஆம்'னு சொன்னீங்க."

"நானா?" யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, சொல்லிட்டனா! யார் யார் ஆம் சொன்னாங்கங்கறதெல்லாம் குறிப்புல வராதுல்ல?"

"வராதுங்க."

"அப்புறம் என்ன," என்று காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. என் வீட்டில் ஒரு மனுஷன் மூச்சுக்கு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரய்யா, அவர் தோளில்தானே நீ கைபோட்டாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. மாடியறை மேலதிகாரியிடம் போய், "இத வேற யாராவது அடிக்கட்டுமே சார்," என்றாள்.

"உன் முறைல வந்தது, நீதான் போடணும். உத்தரவு வந்தாச்சு, நமக்கென்ன? போட்டுடும்மா."

போட்டாள். நாலு பக்கமும் ஒரே வாக்கியம். அப்படியே விட்டிருக்கலாம், நாறட்டும் என்று. ஆனால் பாழாய்ப்போன கை கேட்கவில்லை. உடைத்து உடைத்து, முற்றுப்புள்ளி வைத்து, நல்ல பேச்சாக ஆக்கிக் கொடுத்தாள். அந்தக் கையின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தோத்துப்போச்சுங்க," என்றாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திருத்தம் முன்மொழியப்படவே இல்லை என்ற விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தினமும் வாய்வரை வரும். அந்த முதுகைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய சகதொழிலாளி ஒருவர் வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள், அட்டையில் கமா கைகூப்பி நின்றார். தலைவர் 'முன்மொழியப்படவில்லை' என்று சொன்ன வரி அதில் இல்லை. பேச்சு மட்டும் இருந்தது.

வீட்டுக்காரர் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் படிப்பார், நிறுத்தி மூச்சு வாங்குவார், அடுத்த வாக்கியம் படிப்பார். நாலு பக்கத்தையும் இருமாமல் படித்து முடித்தார்.

"நல்லா எழுதியிருக்கு பாரு. மூச்சு வாங்கத் தோதா அங்கங்க நிறுத்தி நிறுத்தி," என்றார். அவர் முகத்தில் ரொம்ப நாளுக்கப்புறம் தெளிச்சி. "தோத்தா தோத்துட்டுப் போகுது. நமக்காக ஒரு மனுஷன் தொண்டை கிழியப் பேசியிருக்காரே. நீ அங்கதான இருந்த, கேட்டியா?"

கையிலிருந்த சட்டையை இரண்டாம் தடவை உதறி மடித்தாள்.

"கேட்டேங்க."

"ஒரு தாள் எடு. அவருக்கு நன்றி சொல்லி ஒரு கடுதாசி போடணும். என்னால எழுத முடியாது, நான் சொல்றேன், நீ எழுது."

அவள் தாளும் பேனாவும் எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.