ஜீப்புக்கு வைத்த மூச்சுக்குழாய்

ஜீப்பின் பொனற்றை நான் கிரைண்டரால் வெட்டியபோது மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லையாம். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அரியாலையில் நீரேரிக் கரையோரம் எங்கள் வீடு. மாரி தொடங்கினால் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். ஓட்டோக்காரர் எட்டியும் பார்க்கமாட்டார்கள். அந்த ஒழுங்கையால்தான் கிழமைக்கு இரண்டு தரம் என் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. மெஷினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இதயமும் பலவீனமாகிவிட்டது, ஒரு முறை தவறினாலும் தாங்கமாட்டாள் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஜீப்போ கிழடு. பொனற்றுக்குள் வெந்து கிடக்கும் காற்றை இழுத்துக்கொண்டு சேற்றில் திணறும். தண்ணீர் கொஞ்சம் உயர்ந்தால் அதையும் குடித்துவிட்டு நிற்கும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். மூன்று அங்குலத் தண்ணீர்க் குழாய், வளைவுக்கு இரண்டு எல்போ, லொறி ஹோஸ் துண்டு, இறுக்கிற கிளிப். பொனற்றில் வெட்டிய ஓட்டையால் வெளியே எடுத்து, முன்கண்ணாடிக்குப் பக்கத்தால் ஏற்றி, குழாயின் வாயைக் கூரைக்கு மேலே வைத்தேன். இலை, பூச்சி போகாமலிருக்க மனைவியின் அரிதட்டு வலையை வெட்டி மாட்டினேன். அதற்கு வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. எஞ்சினை ஓடவிட்டுக் குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். உடனே நின்றது. வேறெங்கும் காற்றுப் போகவில்லை, வேலை சுத்தம்.

மனைவிக்குத் திருப்தியில்லை. இணுவில் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனை செய்து, ஜீப்பில் கட்டச் சொல்லி மஞ்சள் துணி கொண்டுவந்தாள்.

"எஞ்சினுக்குக் கந்தன் என்னத்துக்கடி?" என்றேன்.

அடுத்த நாள் காலை அடைமழை. தங்கையை ஏற்றிக்கொண்டு ஜீப்பை ஒழுங்கைத் தண்ணீரில் இறக்கினேன். ஒழுங்கை நடுவில் தண்ணீர் முன்லைற் வரை வந்தது. ஜீப் நன்றாகத்தான் இழுத்தது. திடீரென்று கறுப்புப் புகை கக்கி, இருமி, நின்றுவிட்டது.

"அண்ணை, என்ன நடந்தது?"

"பேசாமல் இரு!" என்று கத்தினேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். மெஷின் நேரத்துக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். யன்னலால் உடம்பை வெளியே எடுத்து, கூரையைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன். வலைமேல் ஈரத்துணி ஒட்டிப்போய்க் கிடந்தது. குழாய்க் கழுத்தில் கட்டிய மஞ்சள் துணியின் தொங்கல். பிய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்து சாவியைத் திருப்பினேன். இரண்டாம் முறை பிடித்தது.

"கையிலை உதென்ன?" என்றாள் தங்கை.

"உன்ரை மச்சாளின்ரை வேலை."

அவள் என்னையே பார்த்தாள். "மச்சாளுக்கு அவ்வளவு உயரம் எட்டாது. நீங்கள்தானே கட்டினனீங்கள்?"

ஓம், நான்தான். விடியமுன் சாமியறையிலிருந்து களவாக எடுத்துப் போய்க் கட்டினேன். வெட்கத்தில் றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கோயில் வாசலே மிதியாத ஆள் நீங்கள்," என்றாள் மெதுவாக. "டொக்டர் உங்களிட்டை என்ன சொன்னவர், அண்ணை?"

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.