ஸ்டாம்ப எடுத்துக்கத்தா

பெரியப்பா வீட்டில் ஓரம் உடைந்த ஒரு பீங்கான் தட்டு இருந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தபால் உறையிலிருந்து கிழித்த மூலையை மிதக்க விடுவார். கோந்து இளகியதும் ஸ்டாம்பு தனியாகக் கழன்று வரும். அதை இரண்டு விரலால் பூப்போல எடுத்து, பழைய நோட்டுத் தாளில் ஒட்டாமல் காய வைத்து, "ஸ்டாம்ப எடுத்துக்கத்தா" என்று என்னிடம் நீட்டுவார். மூலை போன உறை உள்ளே இருந்த கடிதத்தோடு வெந்நீர் அடுப்புக்குப் போகும். ஒரு தடவைகூட அவர் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. எருமை பூட்டி உழுகிற ஆளும், தறி நெய்கிற பெண்ணும் போட்ட அந்நிய தேசத்து ஸ்டாம்புகள் எங்கள் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லை. கடிதத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்படப் போகிறேன்?

பெரியப்பா என் அப்பாவுக்கு மூத்தவர். திண்டுக்கல்லில் பிரெஞ்சுப் பாதிரிமார்களிடம் படித்து, அவர்கள் பாஷையை அவர்களைவிடச் சுத்தமாகப் பேசுவார் என்று சொல்வார்கள். அந்தப் பாஷைதான் அவரைப் புதுச்சேரிக்கும், அங்கிருந்து கப்பலேற்றி ஹனோய்க்கும் கொண்டுபோனது. அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தின் ரேஷன் கிடங்கில் கிளார்க்கு. பெரியம்மாவை இங்கேயே விட்டுவிட்டு ஒன்பது வருஷம் அங்கே இருந்தார். அத்தனை வருஷமும் அங்கே யுத்தம். கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்று, ஹனோயைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஐம்பத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு தகரப் பெட்டியோடு பெரியப்பா ரயிலடியில் வந்து இறங்கினார். கோட்டு போட்டிருந்தார். திண்டுக்கல் வெயிலில் அந்தக் கோட்டைப் பார்த்துப் போர்ட்டர்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

வந்த புதிதில் கதை கதையாகச் சொல்வார். எல்லாக் கதையிலும் ஒரு சமையல்காரர் வருவார். கிடங்கில் அவருக்குக் கீழே வேலை பார்த்த அந்த ஊர்க்காரர். பெரியப்பாவுக்கு விஷக் காய்ச்சல் கண்டு இருபது நாள் கிடந்தபோது, பட்டாளத்து டாக்டர் எட்டிப் பார்க்கவில்லையாம். சமையல்காரர்தான் தன் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போய், அரிசிக் கஞ்சியில் இஞ்சி தட்டிப் போட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக மாறி மாறி ஊட்டிவிட்டார்கள். "அவன் இல்லாட்டி நான் இந்த மண்ணுல திரும்பக் கால் வச்சிருக்க மாட்டேன்" என்பார். பெரியம்மா பூசையில் அந்த மனிதருக்காகவும் வேண்டிக்கொள்வாள். அவர் பேர் தெரியாததால், "அந்தச் சமையக்கார அண்ணனுக்காகவும் சேசுவே" என்பாள்.

பெரியப்பாவுக்கு இங்கே நல்ல வேலை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் முன் அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கிளம்புகிற அவசரத்தில் ஆபீஸ் காகிதங்களையெல்லாம் முற்றத்தில் குவித்துக் கொளுத்திவிட்டார்களாம். அவர் கையாலேயே மண்ணெண்ணெய் ஊற்றினாராம். மேலதிகாரியாக இருந்த கேப்டன், பிரான்சுக்குப் போனதும் சர்டிபிகேட் அனுப்புவதாகச் சத்தியம் பண்ணியிருந்தார். அந்தச் சத்தியத்தை நம்பி, பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலை எண்ணி அடுக்குகிற வேலைக்குத் தற்காலிகமாகச் சேர்ந்தார். அந்தத் தற்காலிகம் அவர் சாகும்வரை நீடித்தது. எத்தனை சோப்பு போட்டாலும் அவர் மேல் அந்த வாடை போகாது. பிரெஞ்சில் கவிதைபோல எழுதுகிற மனிதர், வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று கையை முகர்ந்து பார்ப்பார். 

மாசம் பிறந்தால் கேப்டனுக்கு ஒரு மனு. கோடு போடாத தாளில், கோடு போட்டதுபோல நேராக எழுதுவார். ரிஜிஸ்தர் பண்ண என்னையும் தபாலாபீசுக்குக் கூட்டிப்போவார். பதில் வராது. அடுத்த மாசம் வரைக்கும் கேப்டனைத் திட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "ஒத்த வரி. இவன் என்கிட்ட வேலை பாத்தான், யோக்கியமானவன்னு ஒத்த வரி. கை ஒடிஞ்சா போகும்? அந்தப் பய உறையப் பிரிச்சே பாத்திருக்க மாட்டான்" என்பார்.  பெரியம்மா வெஞ்சனத்தை இன்னொரு கரண்டி வைத்து, "விடுங்க, சாப்பிடுங்க" என்பாள். இந்தப் பேச்சு நடக்கும் அதே வீட்டில்தான், எருமை ஸ்டாம்பு ஒட்டிய கடிதங்கள் வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டதற்கு, "பழைய ஆபீஸ் கடுதாசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒருநாள் பெரியப்பா தோல் ஷாப்பில் இருந்தபோது தபால்காரர் ஒரு உறையை என் கையில் கொடுத்தார். ஒரே மாதிரி மூன்று ஸ்டாம்புகள் ஒட்டி, அவற்றின் மேல் வட்ட முத்திரை முழுசாக விழுந்திருந்தது. முத்திரை விழுந்த உறையை முழுசாக வைத்திருப்பதுதான் மதிப்பு என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். பெரியப்பாவிடம் கொடுத்தால் மூலையைக் கிழித்துவிடுவார். நான் அதை ஆல்பத்தின் அட்டைக்குள் ஒளித்தேன். சுருக்கமாகச் சொன்னால், திருடினேன். அதற்குப் பிறகு அந்தத் தேசத்திலிருந்து கடிதம் வரவில்லை. இனி ஸ்டாம்பு கிடைக்காதே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம், எங்களுக்கு ஞானோபதேசம் நடத்த வயதான பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் வருவார். அவருக்கும் ஸ்டாம்பு பைத்தியம் உண்டு என்று கேள்விப்பட்டு, பெருமையடித்துக்கொள்ள ஆல்பத்தைக் கொண்டுபோனேன். அட்டைக்குள் இருந்த உறையைத் தூக்கிப் பார்த்து, "மகளே, உள்ளே கடிதம் இருக்கிறதே, இதை யாரும் பிரிக்கவில்லையா?" என்றார். பிரியுங்கள் சாமி என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். எழுதியவர் அந்தச் சமையல்காரர். யாரோ பள்ளி வாத்தியாரைப் பிடித்துப் பிரெஞ்சில் எழுத வைத்திருந்தார். 'ஐயா, இது என் ஏழாவது கடிதம். பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு நான் யார் யாரைக் காட்டிக்கொடுத்தேன் என்று கேட்டுப் புது அரசாங்கத்தார் விசாரிக்கிறார்கள். நான் சோறு வடித்தேன், வேறொன்றும் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். என் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நீங்கள் கிளம்பிய அன்று, நீங்கள் சொன்னபடியே மூட்டையோடு கிடங்கு வாசல் மரத்தடியில் சாயங்காலம்வரை நின்றோம். லாரியில் இடமிருந்திருக்காது. எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு அந்தக் காய்ச்சல் திரும்ப வந்ததா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.'

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தேதியைக் கேட்டேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஆல்பத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். தண்ணீரில் கழன்ற அந்த ஊர் ஸ்டாம்பு, உறைக்கு ஒன்றாக, ஆறு இருந்தது. ஆறு கடிதங்களை அவர் எரித்தார், ஏழாவதை நான் ஒளித்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா மேஜையில் குனிந்து கேப்டனுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். கடிதத்தை அந்த மனுவின் மேலேயே வைத்தேன். படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு மட்டும் எவன் எழுதிக் குடுத்தான்?" என்றார் முதலில். நான் அசையாமல் நின்றேன். அப்புறம், என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"லாரியில எடம் இருந்துச்சுத்தா. நாலு பேரு தாராளமா உக்காரலாம். கேப்டன்கிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டா, ஒனக்கே எடம் இல்லன்னு என்னையும் எறக்கி விட்டுருவானோன்னு பயம். தார்ப்பாயை இழுத்து விட்டுக்கிட்டு உள்ள உக்காந்துட்டேன். மரத்தடியத் தாண்டித்தான் லாரி போச்சு."

"கடுதாசியவாவது பிரிச்சிருக்கலாம்ல?"

"பிரிச்சா பதில் எழுதணும். பதில்ல அன்னிக்கி ஏன் வரலன்னு எழுதணும்."

அவரை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். இப்போது எழுதும்போதும் அந்த வெறுப்பு குறையவில்லை. அதில் பாதி என் மேல். "இப்ப எழுதுங்க" என்று கத்தினேன். பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். வருஷக்கணக்காக அந்த அண்ணனுக்காக வேண்டிக்கொண்டவள் அவள். பெரியப்பா மனுவைத் தள்ளிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். மூன்றே வரி. எழுத எழுதத் தமிழிலும் சொன்னார். கீழே கையெழுத்து. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கை ஒடியவுமில்லை.

நானே கொண்டுபோய் ரிஜிஸ்தர் பண்ணினேன். ஐந்து மாசம் கழித்து அந்தக் கடிதம் திரும்பி வந்தது. உறை முழுக்க ஏதேதோ முத்திரைகள். விலாசத்தின் குறுக்கே கோடு கிழித்து, அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. அவரும் மனைவியும் மகனும் என்ன ஆனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷமோ, வேறென்ன சொல்வதென்று தெரியவில்லையோ, என்னிடம் நீட்டினார்.

"ஸ்டாம்ப எடுத்துக்கத்தா."

அடுத்த மாசம் ஒன்றாம் தேதி வழக்கம்போலக் கேப்டனுக்கு மனு தயாராக இருந்தது. நான் கூடப் போகவில்லை. அன்றிலிருந்து அவர் தனியாகத்தான் தபாலாபீசுக்கு நடந்தார். அவர் செத்தபோது தகரப் பெட்டி நிறைய ரிஜிஸ்தர் ரசீதுகள் இருந்தன. கேப்டனின் பதில் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை.

பீங்கான் தட்டு எப்போதோ உடைந்துபோயிற்று. ஆல்பம் என்னிடம் இருக்கிறது. போன வாரம் வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் தண்ணீரில் ஊறிக் கழன்ற ஆறு ஸ்டாம்புகள். எதிர்ப் பக்கத்தில் இரண்டு உறைகள், ஒன்று அங்கிருந்து வந்தது, ஒன்று இங்கிருந்து போய்த் திரும்பியது. இரண்டாவதை யாரும் பிரிக்கவில்லை. உள்ளே இருக்கும் மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். அந்த உறைகளிலிருந்து நான் ஸ்டாம்பை எடுக்கவில்லை.