வெயிலில் தெரியாத சுடர்

ஆயுத பூஜையன்று முதலாளி வந்தால் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கீழிருந்தே போய்விடுவார். அந்த வருடம் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்களுடையது சிறிய ரசாயனக் கம்பெனி. மாடியில் சோலார் தகடுகள் வைத்து, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் சோதனையை நானும் ஒரு ஃபிட்டரும் நடத்திவந்தோம். முதலாளிக்குப் பிடித்தால் தனி ஷெட் கிடைக்கும். இல்லையென்றால் பிரிவை மூடிவிடுவார். ஃபிட்டருக்குக் கீழே வேறு வேலை உண்டு, எனக்குக் கிடையாது.

காலையில் தொட்டியில் குமிழிகளே இல்லை. தொட்டித் தண்ணீரில் கலந்த காஸ்டிக் சோடா, வயர், வால்வு என்று வரிசையாகப் பார்த்தேன். கடைசியில்தான் தகடுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இன்னாபா இது? வெயில மறைச்சா கரண்டு எப்படி வரும்?"

"லேத்துக்கு வெச்சோம், கம்ப்ரஸருக்கு வெச்சோம். இத்த மட்டும் உட்டா கோச்சிக்காதா சார்?" என்றார் ஃபிட்டர்.

ஈரத்துணியால் துடைத்தோம். குமிழிகள் பொங்கி வந்தன.

முதலாளி வந்தபோது உச்சி வெயில். குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினேன். 'டப்' என்று பற்றியது. ஹைட்ரஜன் சுடருக்கு நிறம் அநேகமாகக் கிடையாது. அந்த வெளிச்சத்தில் குழாய் மட்டுமே தெரிந்தது.

"எங்கய்யா எரியுது?" முதலாளி முனையை நோக்கி விரலை நீட்டினார்.

"ஐயோ, கைய வெக்காத சார்! எரிஞ்சிகினுதான் கீது!"

ஃபிட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பிறகு பூஜைத் தட்டிலிருந்த கற்பூரத்தை இடுக்கியால் எடுத்து முனையில் காட்டினார். மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. முதலாளி, பழக்கத்தில், இரு கைகளாலும் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா கண்ணுக்குத் தெரியாத நெருப்ப இத்தன பேர் நடமாடுற எடத்துல வெச்சிக்க முடியாதுய்யா. இந்தப் பிரிவ மூடிடுங்க."

சரி என்றேன். வால்வை அடைத்தேன். சுடர் அணைந்துவிட்டதா என்று தெரியவில்லை. கையைத் தள்ளி வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டேன். தகடுகளுக்குத் துணி போர்த்திவிட்டு வழக்கமான ரயிலைப் பிடித்தேன்.

"மொதலாளி பாத்தாரா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"பாத்தார். கண்ணுல ஒத்திக்கினார்."

"அப்போ ஷெட்டு?"

பொரிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன்.